வலது ஓரத்துச் சொல்

அந்த போனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. என் கணவர் வாங்கி வந்த அன்றே சொன்னேன், செங்கல் மாதிரி இருக்கிறது என்று. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பழுதானால் மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் அறைக்கு ஏறுவார், அடியில் குழிக்குள் இறங்குவார். இரண்டு இடத்திலும் அந்த போன்தான் விளக்கு. இரண்டு தடவை குழியில் விழுந்தும் பிழைத்துக்கொண்டது. "உன்னை மாதிரியேதான், எதுக்கும் அசையாது" என்று என்னைச் சீண்டுவார். தினமும் மதியம் அதிலிருந்து ஒரே செய்தி வரும்: "சாப்டியா மகாராணி?" மகாராணி அப்போது கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஏப்ரன் முழுக்க லென்ஸ் தூளோடு நின்றுகொண்டிருப்பாள்.

வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். அவர் செய்தியை நான் மாலையில்தான் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மாலையில் என்ன பதில் போடுவது? நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், பத்து மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் அவர் நெஞ்சு நின்றுவிட்டது. காற்றில் கதவு அறைந்து தானாகப் பூட்டிக்கொண்டதாம். மூன்று மணிக்கு அதை உடைத்துத்தான் அவரை எடுத்தார்கள். லாக்கரில் கிடந்த என் போனில் பன்னிரண்டு நாற்பதுக்கு அவருடைய அழைப்பு ஒன்று இருந்தது. வலித்துக் கூப்பிட்டாரா, சும்மா கூப்பிட்டாரா? "உடனே போயிருப்பாரும்மா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். டாக்டர் என்ன பக்கத்தில் நின்று பார்த்தாரா? கடைசி நேரத்தில் அவர் என்னைத் தேடினாரா என்ற கேள்வி அன்றிலிருந்து என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இனி போனை லாக்கரில் வைக்கமாட்டேன் என்று கடையில் சொல்லிவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். சட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

அன்று மோட்டார் அறையில் என் கணவர் கையிலிருந்து விழுந்ததில் அவர் போனின் திரை ஓரம் நொறுங்கி, வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு மை கொட்டியது போல் கறுத்துவிட்டது. அனுப்பிய செய்தி, அனுப்பாமல் வைத்த செய்தி எல்லாவற்றையும் தேடினேன். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

அதை எடுத்தது குட்டி. குட்டி என்றால் அவருடைய தங்கை, எங்களோடே இருந்தவள். போன வருடம் கல்யாணமாகிப் போகும்போது, "அண்ணி, அண்ணன் போனை நான் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் போன் கை மாறினால் யாரும் உள்ளே இருப்பதை முழுதாக அழிக்கமாட்டோம். சிம்மை மட்டும் மாற்றிக்கொள்வோம். பழைய ஆள் வைத்த அலாரமே புது ஆளையும் எழுப்பும். அப்படியே கொடுத்தேன். "கேமரா சூப்பர் அண்ணி, சார்ஜ்தான் நிக்க மாட்டேங்குது" என்று முதல் மாதம் சொன்னாள். அதற்குப் பிறகு போனைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு வந்து திருப்பிக் கொடுத்தாள். என் போன் லென்ஸ் தேய்க்கும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்திருந்த சமயம். மாப்பிள்ளைதான் நீட்டினார். "அவளுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துட்டேன் அக்கா. இதுல இருந்த மெசேஜ், போட்டோ எல்லாம் நானே உக்காந்து க்ளீன் பண்ணிட்டேன். மொத்தமா அழிக்கலாம்னா இவ ஒரே அழுகை."

"அண்ணன் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்" என்றாள் குட்டி, தரையைப் பார்த்து.

என்ன தங்கமான மாப்பிள்ளை என்று நினைத்தேன். என் கண்ணைப் பிடுங்கிப் போட வேண்டும்.

அந்த போனோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. நாற்பது சதவீதம் என்று காட்டும், அடுத்த நொடி அணைந்துபோகும். பேசிக்கொண்டே இருந்தால் காது வெந்துவிடும். பத்தாம் நாளிலிருந்து இன்னொரு நோய் வந்தது. யாரும் தொடாமலே திரை தன்னைத் தானே தொட்டுக்கொள்ள ஆரம்பித்தது. கால்குலேட்டர் திறக்கும், விளக்கு எரியும். எருமை மாதிரி கனமாக இருந்துகொண்டு குழந்தை மாதிரி விளையாட்டு.

ஒரு மதியம் லென்ஸ் கொண்டுவருபவருக்குச் செய்தி எழுத ஆரம்பித்தேன். லென்ஸ் தேய்க்கும் மெஷின் நின்றுவிட்டது. போனை மேஜையில் வைத்துவிட்டு அதைச் சரிசெய்து திரும்பினால், எழுதும் கட்டத்தில் நான் எழுதாத சொற்கள்.

"பயமா இருக்கு"

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. "கதவு பூட்டி இருக்கு."

கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது. என் கணவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் செத்தவர். யாரிடம் சொல்வேன்? சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். "சா" என்று எழுதிப் பார்த்தேன். கீபோர்டுக்கு மேலே தானாக வந்து நின்றது: "சாப்டியா". அதைத் தொட்டேன். "மகாராணி" வந்தது.

அவர்தான். அவர் சொற்கள் எல்லாம் அதற்குள்ளே இருந்தன. எனக்கு எழுதி, அனுப்பத் தெம்பில்லாமல் விட்டது என்று நம்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு ஏப்ரனில் முகத்தைப் புதைத்து அழுதேன். பயத்தில் பாதி, மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். கடைசியில் என்னைத்தான் தேடியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக்கூடத் திறக்காமல் எழுதும் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் வெறும் எழுத்துகளைக் கொட்டும். சில நாள் சொல் வரும். "யாருமே இல்ல." "பயமா இருக்கு." "எப்ப வருவ." வந்ததை லென்ஸ் சுற்றிவரும் காகிதத்தில் எழுதி வைத்தேன். குட்டி இடையில் நாலைந்து தடவை கூப்பிட்டாள். அவள் குரல் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டது போல் எட்டத்திலிருந்து வரும். "நல்லா இருக்கேன் அண்ணி. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்பாள், பேசாமல் நிற்பாள். போன் சூடாகிவிடுமே, சார்ஜ் தீர்ந்துவிடுமே, அவர் சொற்கள் வராதே என்று நான்தான் முதலில் வைப்பேன்.

போன வாரம் போனின் முதுகு உப்பிவிட்டது. பின் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. வெடித்துத் தொலைத்தால் எல்லாம் போய்விடுமே என்று பதறிக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

ரிப்பேர்காரர் ஐம்பது வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். என் தொழிலுக்கே அவமானம்.

"இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சும்மா. பேட்டரி உப்பி, டிஸ்ப்ளேயை அழுத்துது. அதான் தானா தொடுது. பழைய போனுக்கு வர்ற நோவுதான்."

"தானா தொட்டா சரி. தானா எழுதுமா? வார்த்தை வார்த்தையா?"

அவர் சிரித்தார். "கீபோர்டுக்கு மேல மூணு வார்த்தை வந்து நிக்கும் பாருங்க, அதுல பட்டா எழுதும். நாம அடிக்கடி எழுதுறதை அது ஞாபகம் வெச்சுக்கும்."

"அடிக்கடின்னா? ஒருத்தர் ஒரே ஒரு தடவை எழுதியிருந்தா?"

"ஒரு தடவைக்கெல்லாம் இப்படி முன்னால வந்து நிக்காது. ஒரு முப்பது நாப்பது தடவையாவது எழுதியிருக்கணும்."

என் கணவர் ஒரே ஒரு தடவைதான் பூட்டிய அறையில் செத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒரு நூல் கட்டிய கண்ணாடி, என் கணவரின் கடைசி வார்த்தையைப் பிடுங்கப் பார்க்கிறதே என்று. "நல்லாப் பாருங்க" என்று அதட்டினேன். அவர் பேட்டரியை மாற்றினார். பழைய திரையைக் கழற்றிவிட்டு, சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் வேறு திரையை மாட்டினார். முதல் தடவையாக அந்த போன் முகம் முழுக்க வெளிச்சமாக விழித்தது. வலது பக்கத்தில் கறுப்பு இல்லை.

"எழுதிப் பாருங்கம்மா."

"பய" என்று எழுதினேன். "பயமா" வந்தது. தொட்டேன். "இருக்கு" வந்தது. தொட்டேன். மூன்று சொற்கள் வரிசையாக வந்தன. இதுவரை கறுப்புக்குப் பின்னால் மறைந்திருந்த மூன்றாவது சொல், வலது ஓரத்தில் இருந்தது.

"அண்ணி."

"கதவு" என்று எழுதினேன். "பூட்டி" வந்தது. வலது ஓரத்தில் "பூட்டிட்டு". அதைத் தொட்டேன். "போயிட்டாரு."

என் கணவருக்கு அண்ணனே கிடையாது. இந்த உலகத்தில் என்னை அண்ணி என்று கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

ரிப்பேர்காரர் "என்னம்மா ஆச்சு, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்குக் காது அடைத்திருந்தது. காகிதத்தில் எழுதி வைத்த ஒவ்வொரு வரியும் அவள் குரலில் ஓடியது. யாருமே இல்ல. எப்ப வருவ. இத்தனை நாளாக நான் செத்தவரோடு பேசிக்கொண்டிருந்தேன். உயிரோடு இருப்பவள் கூப்பிட்டபோதெல்லாம் போனை நான்தான் முதலில் வைத்தேன்.

அவள் குரல் ஏன் ஸ்பீக்கரில் போட்டது போல் வந்தது என்று இப்போது புரிந்தது, மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். கூப்பிடவில்லை. பழைய திரையையே மாட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் கணவரின் கருவிப் பையிலிருந்து பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் வீடு மூன்றாம் மாடி. நல்ல வெயில் நேரம், மாடிப்படியெங்கும் யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. ஊருக்குப் போயிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போன மாதம் வந்திருந்தால் நானும் அப்படி நினைத்துத் திரும்பியிருப்பேன். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டினேன். தண்ணீர் நின்றது.

"குட்டி."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடி வந்து, மரத்தில் கையை வைக்கும் சத்தம்.

"அண்ணியா?"

"அண்ணிதான்டி. லேட் ஆயிடுச்சு."

பூட்டு நல்ல கனம். ஆனால் அது தொங்கிய நாதாங்கி நாலு சாதாரண ஸ்க்ரூவில் நின்றது. என் கணவர் பூட்டோடு மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். தினமும் எட்டு மணி நேரம் லென்ஸ் பிடித்துப் பழகிய கை வழுக்கவில்லை. நாலாவது ஸ்க்ரூ விழுந்ததும் பூட்டு பூட்டியபடியே கீழே விழுந்தது.

அவள் பாதியாக இளைத்திருந்தாள். செருப்புகூட இல்லை. வெளியே போகும்போது மாப்பிள்ளை செருப்பையும் எடுத்து வைத்துவிடுவாராம். என் செருப்பைப் போடச் சொல்லி, நான் வெறும் காலோடு இறங்கினேன். பஸ்ஸில் அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி அனுப்பல? ஒரே ஒரு தடவை அனுப்பியிருந்தா..."

"எழுதுவேன் அண்ணி. அனுப்ப பயமா இருக்கும். தினமும் வந்ததும் போனை வாங்கிப் பாத்துடுவாரு. அதனால எழுதி எழுதி அழிச்சுடுவேன்." என் பக்கம் திரும்பினாள். "நான் எதுவுமே அனுப்பலயே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போனை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"பகல் பூரா யார் குரலும் இருக்காது. அப்ப இதுல 'சா'ன்னு மட்டும் அடிப்பேன். அண்ணன் உங்களுக்கு அனுப்புவாரே, அது வரும். வந்ததும் எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுவேன். அதுக்காகத்தான் மொத்தமா அழிக்க விடல."

பூட்டிய மோட்டார் அறையிலிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. அது அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது, வலித்தது. நான்கு வருடம் பதில் போடாமல் விட்ட வார்த்தையை இந்தப் பெண் தின்று பிழைத்திருக்கிறாள்.

அவள் போனில் "சா" என்று எழுதப் போனாள். திரை ஒரு தடவை தானாக மின்னியது, விளக்கை எரியவிட்டது, பிறகு அணைந்துவிட்டது. புது பேட்டரியும் அவ்வளவுதான். குட்டி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"சாப்டியா மகாராணி?"

இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம்.