குசினித் தாழ்ப்பாள்

நிஸ்மியா குசினிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று சீலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு போட்டாள். நாற்பத்தொன்பது வயது, மருமகன் கண்ட மனுசி, சொந்த வீட்டில் தான் ஆக்கின சோற்றைக் களவெடுத்துத் தின்கிறவள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றுகொண்டே தின்றாள். நோன்பு இருபத்தாறு. புருசன் சரீப் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்ப அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் சோறு, சுகர்க் குளிசை, தண்ணீர், வாய் கொப்பளிப்பு எல்லாம் முடிந்தாக வேண்டும்.

முடிந்தது. உதட்டைத் துடைத்துக் காயவைத்து, முகத்தையும் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நடிப்பென்றால் நடிப்பு, அப்படியொரு நடிப்பு!

சும்மா சொல்லக் கூடாது, அவள் சாப்பிட்டதில் ஒரு குற்றமும் இல்லை. நோன்புக்கு ஒரு மாதம் முந்தியே கிளினிக் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்த சுகரோடு நோன்பு கூடாது என்று. மௌலவியிடம் கேட்டதற்கு, தீராத நோயுள்ள வருத்தக்காரருக்குக் கடமை இல்லை, நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். அந்தச் சாப்பாட்டையும் அவள் ஒரு நாள் தவறாமல் கொடுத்துத்தான் வந்தாள். கிளினிக்கில் தாதி தக்ஷாயினி மிஸ் வேறு பக்கத்தில் கூப்பிட்டு இருத்திச் சொன்னா. "அக்கா, பெருநாள் வருது எண்டு பம்பரமாச் சுத்தாதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. பகலில ஒரு இருபது நிமிசம் காலை நீட்டிப் படுங்க. பின்னேரம் வாவிக்கரையால கொஞ்சம் நடங்க. எல்லாருக்கும் எல்லாம் செய்யிறீங்க, உங்களுக்கு இந்த நாலையும் செய்யுங்க."

நாலையும் செய்தாள். பிழை அதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருந்தது.

முதல் நோன்பன்று மாலை சொல்லத்தான் இருந்தாள். ஆனால் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்த சரீப், மருமகனிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கட வீட்டுக்காரி சுகரோட ஒரு நோன்பு உட்டதில்ல மகன்" என்றார். மருமகன் மாஷா அல்லாஹ் என்றான். அந்த இடத்தில் வாயைத் திறந்து மனுசனின் முகத்தைக் கறுக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டாள். நாளைக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. மூன்றாம் நாள், விடியமுன் சஹருக்கு எழும்பி எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டு நோன்புக்கு நிய்யத்து வைக்கிற மாதிரி வாயை அசைத்தாள். அன்றைக்கே அவளுக்கு நெஞ்சு சுட்டது.

இதில் பெரிய கொடுமை, உடம்பு தேறிவிட்டது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிசை, பின்னேர நடை. கால் வீக்கம் வற்றி முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நோன்புட பறக்கத்து முகத்தில தெரியுது" என்றார்கள். நிஸ்மியா சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

இதோடு போயிருந்தால் அது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ள கணக்கு. போகவில்லை. தங்கச்சி ஸுஹைனா வந்து அதற்குள் மாட்டிக்கொண்டாள்.

உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்துக் கட்டின வீடுகள் இரண்டும். நடுவில் ஒரு இடுப்பளவு மதில், அதில் போய்வர ஒரு வாசல். ஸுஹைனாவுக்கு நாற்பத்துமூன்று வயது. புருசன் கட்டாரில். தையல்தான் அவளுடைய தொழில், பெருநாள் வந்தால் மெஷினை விட்டு எழும்பமாட்டாள். போன வருசக் கடைசியில் அவளுக்கும் சுகர் என்று கண்டுபிடித்தார்கள். நாலாம் நோன்பன்று அந்த வாசலால் வந்து ராத்தாவின் பக்கத்தில் குந்தினாள்.

"ராத்தா, டொக்டர் எனக்கு நோன்பு வேணாம் எண்டுதான் சொல்லிரிக்கார். நான் மூணு புடிச்சிட்டன். தலை சுத்துது. நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அப்போது நிஸ்மியா சோறு தின்று ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, கூடப் பிறந்தவள், யாருக்கும் சொல்லாதே என்றால் சொல்லமாட்டாள். ஆனால் பொய் பழகின வாய் பாருங்கள், அதுபாட்டுக்குப் பேசிவிட்டது.

"அல்லாஹ் பலம் தருவான் புள்ள. மனசுதான் வேணும்."

மனசுதான் வேணுமாம்! அந்தச் சொல்லை நினைத்து நிஸ்மியா தன் வாயில் தானே அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஸுஹைனா எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஒரு நோன்பும் விடவில்லை. நாளாக நாளாக ஆள் மெலிந்து கண் உள்ளே போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் நிஸ்மியா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வாசல் வரைக்கும் போவாள். போய், "கஞ்சிக்கு இறைச்சி போடவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, பெருநாள் வந்தால் எல்லாம் சரி என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள்.

இருபத்தேழாம் நோன்பன்று பத்தரை மணியிருக்கும். நிஸ்மியா பெருநாள் இனிப்புக்குத் தொதல் கிண்டத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஸுஹைனாவின் மகள் ரிப்கா வாசலால் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெரியம்மா! உம்மா கீழ விழுந்திட்டா! பேச்சு ஒரு மாதிரிக் கிடக்கு!"

மெஷினுக்குக் கீழே, வெட்டின துணிகளுக்கு மேலே கிடந்தாள் ஸுஹைனா. உடுப்பு வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. நிஸ்மியா சுகர்க்காரி, பார்த்த உடனே விளங்கிவிட்டது, சுகர் இறங்கிப் போச்சு.

"சஹருக்கு என்ன சாப்பிட்ட?"

"சாப்பிடல்ல பெரியம்மா" என்று ரிப்கா அழுதாள். "விடிய விடியத் தைச்சிட்டு, தண்ணியும் குளிசையும் மட்டும் போட்டா."

வெறும் வயிற்றில் குளிசை. நிஸ்மியா ஓடிப்போய் ஒரு கோப்பைத் தண்ணீரில் சீனியை அள்ளிக் கொட்டிக் கலக்கி, தங்கச்சியை மடியில் நிமிர்த்தி வாயில் வைத்தாள். ஸுஹைனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நோன்பு..." என்றாள், நாக்குக் குழறியது. "இன்னும் மூணுதான்."

"போகட்டும் நோன்பு! குடி!"

தலையைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க... புடிக்கிறீங்கதானே."

ரிப்கா ஆட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோ வரும்வரை இவள் தாங்குவாளா? வலுக்கட்டாயமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அவளாக விழுங்க வேண்டும். நிஸ்மியா ஒரு கணம் ரிப்காவைப் பார்த்தாள். பிறகு சீனித் தண்ணீரைத் தன் வாயில் வைத்து இரண்டு மிடறு குடித்தாள்.

"பாரு புள்ள. நான் நோன்பில்ல. ஒரு நாளும் புடிக்கல்ல. நேத்துப் பகலும் சோறு தின்டன், முந்தாநாளும் தின்டன். உனக்கு நான் பொய் சொன்னன். இப்ப குடி. உன்ட காலைப் பிடிக்கிறன், குடி!"

ஸுஹைனாவின் கண் அவள் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு வாய் திறந்தது. குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றி, படுக்க வைத்து, தப்பிவிட்டாள் என்றார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றார் டொக்டர். நிஸ்மியா கட்டிலின் காலடியில் நின்றாள். பக்கத்தில் கதிரை இருந்தும் உட்கார அவளுக்குத் துணிவு வரவில்லை. பகல் முழுக்க ஸுஹைனா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நித்திரை இல்லை என்று நிஸ்மியாவுக்குத் தெரியும்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், ஸுஹைனா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அண்டைக்கு நான் உங்கட்ட வந்தது எப்படிச் சமாளிக்கிற எண்டு கேக்கவா ராத்தா?"

நிஸ்மியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடு புள்ள எண்டு நீங்க ஒரு சொல் சொல்லுவீங்க எண்டுதான் வந்தன். உம்மா மௌத்தான பிறகு எனக்கு அதச் சொல்ல வேற ஆரு இரிக்கா?"

மாப்பு என்ற சொல் நிஸ்மியாவின் வாய் வரைக்கும் வந்தது. அவ்வளவு மலிவாக அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. விலகிக் கிடந்த போர்வையை இழுத்துத் தங்கச்சியின் காலை மூடினாள்.

பொழுதுபட்டு மஃரிபுக்குக் கிட்ட சரீப் கஞ்சி ஃபிளாஸ்க்கும் பேரீச்சம்பழமுமாக வந்து சேர்ந்தார். ரிப்காவும் கூட வந்தாள். பக்கத்துக் கட்டில்களில் வந்திருந்த சனத்துக்கெல்லாம் அந்த மனுசன் பழத்தைப் பங்கிட்டார். பாங்கு கேட்டதும் முதல் பழத்தை எடுத்து நிஸ்மியாவிடம் நீட்டினார்.

"முதல்ல நீ நோன்பு திற. விடியத்தில இருந்து தங்கச்சியோட அலையிற." பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த மூத்தவரைத் திரும்பிப் பார்த்து, "இவவுக்கும் சுகர்தான் காக்கா. ஆனா ஒரு நோன்பு..."

"எனக்குத் திறக்க நோன்பில்ல" என்றாள் நிஸ்மியா.

சரீப்புக்கு விளங்கவில்லை. இன்றைக்கு ஓடித் திரிந்ததில் விட்டுவிட்டாளாக்கும் என்று நினைத்தார். "அதுக்கென்ன, ஒண்டுதானே, பிறகு ஒரு நாள் புடிச்சிக் கழாச் செய்யலாம்" என்றார்.

"ஒண்டில்ல. இந்த நோன்பு மாசம் முழுக்க நான் புடிக்கல்ல. டொக்டர் வேணாம் எண்டவர். உங்கட்டச் சொல்லாம குசினிய பூட்டிட்டுத் தின்டன். என்னப் பார்த்துப் புடிச்சித்தான் இவ இந்தக் கட்டில்ல கிடக்கிறா." குரல் உடைந்தது, ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தாள். சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

சரீப்பின் கை பழத்தோடு அப்படியே நீட்டினபடி நின்றது. முகம் கறுத்துத்தான் போனது. அவர் நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிஸ்மியாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கட்டிலில் ஸுஹைனா அசைந்தாள். கண்ணைத் திறந்து ராத்தாவைப் பார்க்காமல் சரீப்பைப் பார்த்தாள்.

"மச்சான், பழத்தக் கையில வெச்சிக்கிட்டு நிக்காதீங்க. பகல் முழுக்க ராத்தா ஒண்டும் தின்னல்ல. குளிசையும் போடல்ல. முதல்ல அவவுக்குக் குடுங்க. இவவும் விழுந்தா தூக்க எனக்கு ஏலாது."

நிஸ்மியா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். ரிப்கா கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்தாள். கண்ணீர் கோப்பைக்குள் விழ விழ, அத்தனை பேரும் பார்க்க, அவள் குடித்தாள்.