சம்மனசு ஆடக்கூடாது

உலகத்தில் நிறுத்த முடியாத பழக்கம் என்று ஒன்று கிடையாது. நிறுத்தத் தெரியாத பெற்றோர்தான் உண்டு. இந்த உண்மையை லெனாட் தன் அக்கா கத்தரீனாவின் குசினியில், அவள் சுட்ட அப்பத்தைத் தின்றபடியே அறிவித்தான். பல்கலைக்கழகத்தில் அவன் உளவியலை ஒரு பாடமாக எடுத்திருந்தான். அது கட்டாயப் பாடம் அல்ல. அதன் விரிவுரைகளையும் அவன் கட்டாயமாகக் கருதியதில்லை.

பழக்கம் அக்காவின் மகள் அனிஸ்ராவுடையது. ஐந்து வயது. மோட்டார் சைக்கிள் உறுமினாலோ, வீட்டுக்குப் புது ஆட்கள் வந்தாலோ முன்னும் பின்னும் ஆடத் தொடங்குவாள். கூடவே தூரத்து வள்ளத்தின் எஞ்சின்போல ஒரு முனகல். அப்போதெல்லாம் கத்தரீனா கைவேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தி, தானும் சேர்ந்து ஆடுவாள். பிறகு மெல்ல மெல்லத் தன் ஆட்டத்தைக் குறைப்பாள். பிள்ளையும் குறைப்பாள்.

“உது வைத்தியமில்லை அக்கா, பாடகர் குழு,” என்றான் லெனாட். “நீ ஆட, அவள் ஆட, அத்தானும் சேர்ந்தாரெண்டால் ஒரு கூத்தே மேடையேத்தலாம்.”

“பகிடியை விடடா. திருநாளுக்கு என்ன செய்யிறது?”

அதுதான் சிக்கல். போன வருஷம் அத்தான் சூசைதாசன் போன வள்ளம் எஞ்சின் பழுதாகிக் கடலில் இழுபட்டபோது, கத்தரீனா ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். மனுசன் கரை சேர்ந்தால், திருநாள் பவனியில் புனிதரின் சுருவம் வைத்த தேரில் மகளை வானதூதர் வேஷத்தில், சம்மனசாக நிறுத்துவேன். மனுசன் கரை சேர்ந்துவிட்டான். இனி அனிஸ்ரா வெள்ளைச் சட்டையும் முதுகில் கடதாசிச் செட்டையும் போட்டு, கையில் லில்லிப் பூவோடு, வெடியும் பாண்ட் வாத்தியமும் முழங்க, குருநகர்த் தெருக்களில் அசையாமல் நின்று வரவேண்டும்.

“பூமாலை ஒண்டு சாத்தினாலும் காணும் பிள்ளை,” என்று கோயில் சுவாமி சொல்லிப் பார்த்தார்.

“அவர் இன்னும் கடலுக்குத்தானே சுவாமி போறார்,” என்றாள் கத்தரீனா.

சுவாமி சிலுவை அடையாளம் போட்டு அனுப்பிவைத்தார். லெனாட்டிடம் ஒரு வழி இருந்தது.

பிள்ளை ஆடத் தொடங்கியதும் “சிலை!” என்பான். ஆடாமல் நின்றால் ஒரு டொபி. திருநாள் கொடி ஏறுவதற்குள் அனிஸ்ரா சிலையாகிவிட்டாள். மோட்டார் சைக்கிள் போனது, நின்றாள். ஐஸ்கிறீம் வான் பாடிக்கொண்டு போனது, நின்றாள். லெனாட் தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் போன் எடுத்து, தான் இன்னும் பட்டம் வாங்காதது ஒரு தொழில்நுட்பக் கோளாறு மட்டுமே என்று விளக்கினான்.

கொடியேறிய மறுநாள், மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த கத்தரீனா கத்தினாள். “டேய், இஞ்சை ஓடி வாடா!”

பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒரு வட்டத்தில் முடியே இல்லை. யாருக்கும் தெரியாமல் விரலில் சுற்றிச் சுற்றிப் பிடுங்கியிருந்தாள். பழக்கம் ஒழிந்துபோகவில்லை. வீடு மாறியிருந்தது.

“ஆட்டம் நிண்டிட்டுதுதானே...” என்றான் லெனாட், குரல் இறங்கி.

“ஓம், நிண்டிட்டுது. மயிரை மாமா ஒட்டித் தருவார், என்ன?”

பிள்ளையின் கைகளுக்கு சொக்ஸ் போட்டுவிட்டான். அவள் பல்பதியக் கீழ்ச்சொண்டைக் கடித்தாள். சொண்டுக்குப் போடும் சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

பின்னேரம் பக்கத்தில் இருந்து கேட்டான். “ஏன் குஞ்சு பிடுங்கிறாய்?”

“உள்ளுக்குள்ளை ஆடுது மாமா.”

அவன் எடுத்த பாடத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கக்கூடும். அந்த விரிவுரைக்கும் அவன் போயிருக்கவில்லை.

“அப்ப வெளியிலை ஆடு குஞ்சு. ஒருத்தரும் ஏசமாட்டினம். ஆடு.”

அனிஸ்ரா ஆடவில்லை. விறைப்பாக நின்று, டொபிக்குக் கையை நீட்டினாள். எத்தனை தரம் சொல்லியும் அதேதான். ஆடச் சொல்வதும் விளையாட்டில் ஒரு பகுதி, மாமா தன்னைச் சோதிக்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

திருநாள் காலை, பூசை முடிந்து தேர் புறப்பட்டது. சம்மனசு அசையவில்லை. “என்ன அடக்கமான பிள்ளை!” என்று வாசல்களில் நின்ற சனம் மெச்சியது. தேருக்குப் பின்னால் கத்தரீனா மெழுகுதிரியும் செபமாலையுமாக வந்தாள். அவளுக்கு மகளின் முதுகும் செட்டையும்தான் தெரிந்தன. முன்பக்கத்தில் நடந்த லெனாட்டுக்கு மிச்சம் தெரிந்தது. சொண்டு சிவந்திருந்தது. வெடிக்கட்டு ஒன்று படபடத்தது. லில்லிப் பூ கீழே விழுந்தது. சும்மாவிருந்த கை காதுக்குப் பின்னால் போனது.

தேரை மறிக்க அவனால் முடியாது. மறித்தால் அக்காவின் நேர்த்தி அந்தத் தெருவிலேயே முறிந்துவிடும். “ஆடு குஞ்சு!” என்று கத்தினான். பாண்ட் வாத்தியத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

அவன் தேருக்கு முன்னால் வந்து, பிள்ளையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான். பிறகு அக்காவைப்போல உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினான்.

“தம்பி, விடியவே போட்டிட்டியோ?” என்றார் தேர் தள்ளிவந்த அடைக்கலநாதன்.

“ஓம் அண்ணை,” என்றான் லெனாட்.

அனிஸ்ரா அவனைப் பார்த்தாள். கை காதடியிலேயே இருந்தது. அடுத்த வெடிக்கட்டுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். லெனாட் அவள் கண்ணை விடாமல், இன்னும் கொஞ்சம் மெதுவாக ஆடினான்.