பின்பக்க முத்திரை

இறந்துபோன அதிபரின் வீட்டில் ஆறு நாட்களாகக் காகிதம் பிரித்துக்கொண்டிருந்தேன். பதவிக் காலத்தில் அவர் கைக்கு வந்த அலுவல் தாள் ஒவ்வொன்றும் அரசுக்குச் சொந்தம் என்பது சட்டம். சொந்தத் தாள்கள் குடும்பத்துக்கு. எது எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய ஆவணக் காப்பகம் அனுப்பியது என்னையும் என் முதுகுவலியையும்தான்.

மனிதர் எதையும் தூக்கிப் போட்டதில்லை. ராணுவ அறிக்கைக்குள் பல் டாக்டர் சீட்டு இருக்கும். நாட்டையே நிர்வாகம் செய்தவருக்கு ஒரு அலமாரியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

எதிரே அவர் மகள் உட்கார்ந்திருப்பார். ஐம்பதை நெருங்கும் பள்ளி ஆசிரியை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். அவருடைய கல்யாணத்தன்று அவசரக் கூட்டம் என்று அப்பா வரவில்லை. உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், எந்த ஃபைலில் போனதோ, தேடித் தருகிறேன் என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தினமும் சாயங்காலம் மகள் ஒரு தடவை மட்டும் கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அரசு உடைமை என்ற முத்திரையைத் தாளின் பின்பக்கம்தான் குத்துவோம், எழுத்து மறையக்கூடாது என்று. குத்துமுன் அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் பார்த்தேன். ஆறாம் நாள் செக்குமாடு மாதிரி கை தன்பாட்டுக்குப் போனது.

ஏழாம் நாள் எண் போடும்போதுதான் கண்டேன். கூட்ட நிகழ்ச்சி நிரல். பின்னால் பென்சிலில், "கண்ணு, இந்நேரம் தாலி ஏறியிருக்கும்" என்று ஆரம்பித்து ஒன்பது வரி. கடைசி வரியின் மேல் ஊதா நிறத்தில் என் முத்திரை.

அந்த நிரலுக்குக் காப்பகத்திலேயே வேறு பிரதிகள் உண்டு. பிரதி உள்ள தாளைக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்க விதியில் இடமிருக்கிறது, முத்திரை விழாதவரை. விழுந்துவிட்டால் அது காப்பகத்தைத் தவிர எங்கும் போகாது. பேசாமல் தாள்கட்டுக்குள் செருகியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சாயங்காலம் அந்த அம்மாள் கேட்பாரே.

சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் 'அரசு உடைமை' என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"பரவால்ல மேடம். அப்பாவே அப்படித்தான் இருந்தார். எங்களுக்குன்னு ஒரு நாள் இருந்ததில்ல."

நகல் எடுத்துக் கொடுத்தேன். நகலில் கடைசி வரி கறுப்பாக அப்பிக்கொண்டது. மூலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்கலாம். நான் படிக்கவில்லை. அந்த ஒரு மரியாதையாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் மகள் காப்பகத்துக்கு வந்தார். பார்வையிடும் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நின்றார்.

"நோக்கம்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?"

"ஆராய்ச்சினு எழுதுங்கம்மா. வேற எதுக்கும் அனுமதி இல்ல."

எழுதினார். நான் கையெழுத்திட்டு, தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னல் திரையை விலக்கிவிட்டேன். அவர் தாளைச் சாய்த்துப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார்.

"நேரம் எவ்வளவு மேடம்?" என்று கேட்டார்.

விதிப்படி ஒரு மணி நேரம். நான் சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.