தூசி மெசினுக்குக் காட்டிய கற்பூரம்

சிவஞானத்துக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டுவார்கள். தூசி மெசினுக்குப் பக்கத்தில் நெருப்பு வரக்கூடாது என்பது மாத்தளைப் பக்கத்து உக்குவளையில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியுமென்றால், அந்த ஆள் அவன்தான்.

ரயில் பாதையை ஒட்டி இராசமாணிக்கம் முதலாளியின் தேயிலைப் பெட்டிப் பட்டறை இருந்தது. அங்கே தலைமைத் தச்சன் சிவஞானம். ஊரில் அவனை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே எஞ்சினில் மூன்று வட்ட வாள்கள் ஓடும். இலவம் பலகையை அறுத்தால் எழும் தூளில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. வாள் பிடித்த இரண்டு பேர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்கள். தூசியை இழுக்கும் மெசின் ஒன்று வாங்குங்கள் என்று சிவஞானம் மூன்று வருடம் முதலாளியிடம் நடையாய் நடந்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு தோட்டத்துத் துரைமார், பெட்டியில் ஒட்டிய மரத்தூளால் தேயிலை வாடை அடிக்கிறது என்று கடிதம் போட்டார்கள். மூன்றே மாதத்தில் மெசின் கப்பலில் வந்து இறங்கியது. மனுசன் நெஞ்சுக்கு வராத மெசின் தேயிலைக்கு வந்தது. எப்படியோ வந்ததே என்று சிவஞானம் சந்தோசப்பட்டான்.

பூட்டிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு பறங்கிக்காரர் வந்தார். ஒவ்வொரு வாளுக்குக் கீழும் ஒரு தகர வாய். அங்கிருந்து போகும் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து, அதே எஞ்சினில் ஓடும் ஒரு பெரிய காற்றாடிக்குப் போகும். காற்றாடி தூளையெல்லாம் இழுத்துப் பின்புறத்துத் தகர அறைக்குள் தள்ளும். தூள் கீழே விழும், காற்று மட்டும் மேலே தொங்கும் துணிப் பைகள் வழியாக வெளியேறும். ஓடாத வாளின் வாயை மூடி வை, அப்போதுதான் மற்றதில் இழுவை இருக்கும் என்றார். ஆணியைக் கூட்டி உள்ளே தள்ளாதே, காற்றாடியில் பட்டால் பொறி பறக்கும் என்றார். தினமும் சாயந்திரம் காற்றாடி முழுசாக நின்ற பிறகு தூள் அறையைக் காலி பண்ணு என்றார். கடைசியில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, அதன் மேல் மாவு மாதிரியான மரத்தூளை ஒரு சிட்டிகை ஊதினார். புஸ்ஸென்று எழுந்த நெருப்பு சிவஞானத்தின் புருவத்தைக் கருக்கியது. இதே தூள் ஒரு அறை நிறைய இருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறினார்.

அந்தத் தூள் அறையைக் காலி பண்ணும் வேலைக்குத் தன் பெண்சாதி கமலாட்சியைச் சேர்த்துவிட்டவனும் சிவஞானம்தான். மலையில் மழைக்குள் நின்று கொழுந்து எடுத்து அவளுக்கு ஓயாமல் குளிர்காய்ச்சல் வந்தது. இங்கே என்றால் கூரைக்குக் கீழே வேலை, கண்ணெதிரிலேயே இருப்பாள். தினமும் அவள் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து தூளைச் சாக்கில் அள்ளுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக அவன் தினம் ஒரு தடவையாவது எல்லாரிடமும் நெருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். பெட்டிக்குத் தகரம் அடிக்கும் ஆஸியா, பாஸ் மெசினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்று கேலி பண்ணுவாள்.

ஆயுத பூசை வந்தது. முதல் நாள் இருட்டும்வரை ஒரு அவசர ஓடருக்குப் பலகை அறுத்தார்கள். அறை கழுத்துமுட்ட நிறைந்துவிட்டது. அதை அள்ளுவதற்குள் வாள், உளி, எஞ்சின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அறைக் கதவிலும் குங்குமம் ஏறிவிட்டது. பூசையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமிவரை யாரும் தொட மாட்டார்கள். இரண்டு நாள்தானே, கிடக்கட்டும் என்று சிவஞானம் விட்டுவிட்டான்.

விஜயதசமிக் காலையில் மெசினை ஓடவிட்டே கற்பூரம் காட்ட வேண்டும், ஓடுகிற மெசினுக்குத்தான் உயிர் என்று முதலாளி சொன்னார். தட்டைக் கொண்டுவந்து சிவஞானத்தின் கையில் கொடுத்தார். இத்தனை வருடத்தில் வேறு யாரிடமும் அவர் அந்தத் தட்டைக் கொடுத்ததில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள், பட்டறையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? கற்பூரத்தைக் கொளுத்தினான்.

தள்ளி நின்றுதான் காட்டினான். காற்றாடியின் இழுவையில் கற்பூரச் சுடர் அப்படியே சாய்ந்து தகர வாயைப் பார்த்து நீண்டது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"அம்மா வாங்கிக்கிறா, பாஸ். இன்னும் கிட்டக் காட்டுங்க" என்றார் முதலாளி.

அது காற்று என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் கும்பிட்ட அந்த நிமிடத்தில் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையை நீட்டினான். எரிந்துகொண்டிருந்த கற்பூரத் துண்டு ஒன்று தட்டிலிருந்து துள்ளி உள்ளே போனது. அவன் ஒருத்தன்தான் அதைப் பார்த்தான்.

சாஸ்திரத்துக்கு ஒரு பலகை அறுத்து எஞ்சினை நிறுத்தினார்கள். அவன் மெதுவாகப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தான், சுடவில்லை. மோந்து பார்த்தான், கற்பூர வாசனைதான் வந்தது. அணைந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, முதலாளி பக்கத்தில் உட்கார வைத்துக் கொடுத்த அவலைத் தின்றான். எல்லாரும் அம்மன் சுடரை வாங்கிக்கொண்ட அதிசயத்தையே பேசினார்கள். கமலாட்சி சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவதை அவன் பார்த்தான். மூன்று நாளாகக் கிடக்கும் தூள், அள்ளிவிடலாம் என்று நினைத்திருப்பாள். திறக்காதே என்று கத்த வாயெடுத்தான். ஏன் என்று முதலாளி கேட்பாரே, சாமி காரியத்தில் என்ன சொல்வது என்று ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடிதான்.

பின்பக்கத்தில் தகரம் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆஸியா ஈரச் சாக்கைப் போட்டுக் கமலாட்சியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கனன்றுகொண்டிருந்த தூள், கதவு திறந்ததும் சரிந்து பறந்து, காற்றுப் பட்டுத் தீப்பிடித்திருக்கிறது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு நாள் இருந்தாள். வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். சிவஞானம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் வீங்கிப்போனான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தான். நர்ஸ் வருவாள், இல்லையென்றால் ஆஸியா வருவாள், அவன் அடங்கிவிடுவான். இரண்டாம் நாள் சாயந்திரம் முதலாளி செவ்விளநீரோடு வந்து கட்டிலோரம் நின்றார். அப்போதுதான் கமலாட்சி கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "காத்தாடி நிக்கிறதுக்கு முன்னமே தொறந்துட்டேன் போல. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. எம்மேல கோவமா?"

காற்றாடி நின்று அரைமணி நேரம் ஆன பிறகுதான் அவள் திறந்தாள். ஒரு தப்பும் அவள் செய்யவில்லை. அது அவனுக்குத் தெரியும். முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமில்ல கமலா" என்றான் சிவஞானம். "தெரியாமத்தானே செஞ்ச. நான் மன்னிச்சுட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடினாள். நல்ல மனசு பாஸ் உங்களுக்கு என்று சொல்லி முதலாளி அவன் தோளைத் தட்டினார். விளக்கு வைப்பதற்குள் அவள் போய்விட்டாள்.