இருநூறு மில்லி

சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, மாலதி சிஸ்டர் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு சிறுநீர் போகிறார் என்று நான் எழுத வேண்டும். ஆறு மணி நேரத்தில் போகாவிட்டால் மறுபடி குழாய்தான் என்றார். அம்மா கடலூரில் மீன் விற்கப் போயிருந்தாள்.

கடலில் மீன் பிடிக்கும்போது அப்பா படகின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிறுநீர் போகிறவர். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு கரைக்கு வராது. மகளிடம் வரவே வராது.

சிறுநீரை அளக்க சிஸ்டர் தந்த குடுவையை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நின்றேன். திரும்பி வந்து தரையைப் பார்த்தபடி ஆச்சா என்றேன்.

"ஆச்சி. கக்கூசுல போயிட்டேன். எழுதிக்க."

இருநூறு மில்லி என்று எழுதினேன். மதியமும் அப்படியே சொன்னார், அதையே எழுதினேன். குடுவை நனையவே இல்லை என்பதைப் பார்த்தும் எழுதினேன்.

பக்கத்துக் கட்டில் பஞ்சநாதம், "கடலையே ரொப்புனவருக்கு இந்த டப்பா எம்மாத்திரம்?" என்றார். வார்டு சிரித்தது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பினார்.

தாளின் தலைப்பில், சிறுநீர் போவதற்கான ஆங்கிலச் சொல், மிக்சுரிஷன் என்று அச்சடித்திருந்தது. பள்ளியை விட்ட பிறகு குறிஞ்சிப்பாடி பழைய பேப்பர் கடையில் வாங்கிய அகராதி என் பையில் இருந்தது. அதைப் பார்த்து நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்: டெஃபிகேட், மலம் கழிப்பது; லத்தீனில் மண்டியை நீக்கித் தெளியவைப்பது. இந்தச் சொல்லையும் தேடினேன். லத்தீனில் அது சிறுநீர் போவதைக் குறிக்கவில்லை. போக வேண்டும் என்ற தவிப்பைக் குறித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. போர்வைக்குள் அடிவயிறு உப்பித் தெரிந்தது.

எழுந்து போய் வார்டின் நடுவில் நின்றேன்.

"சிஸ்டர், நான் பொய் எழுதிட்டேன். எங்கப்பா காலையிலேர்ந்து மூத்திரம் போவல."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் திரையை இழுக்கும்போது பஞ்சநாதம் மெல்லப் புரண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்க்கட்டில்காரரும் திருப்பிக்கொண்டார்.

"எண்ணூத்தம்பது" என்று குழாயில் வந்த அளவைத் திரைக்குள்ளிருந்து சிஸ்டர் சொன்னார். இரண்டு இருநூறுகளையும் அடித்துவிட்டு அதை எழுதினேன்.

திரை விலகியபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. கை மட்டும் கம்பியை விட்டிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

தண்ணீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்து, அந்த அளவையும் எழுதினேன்.