மக்ரூன் பிழிந்த பித்தளைச் சிரிஞ்சு

கால்நடை டாக்டர் அருமைநாயகத்துக்குத் தூத்துக்குடியில் 'ரூல் டாக்டர்' என்று பெயர். விதியில் இருந்தால் மலையையும் நகர்த்துவார்; இல்லையென்றால் துரும்பைக்கூடத் தொடமாட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியில் கழித்த சாமான்களை ஏலம் விட்டபோதும் அப்படித்தான். ஆடுகளுக்குப் புழு மருந்து புகட்டிய பித்தளைச் சிரிஞ்சுகளை உடைத்துவிடலாமா என்று கம்பவுண்டர் ஜேசுபாதம் கேட்டார்.

"மனுஷ ஆஸ்பத்திரிச் சாமானத்தான் ஒடச்சுப் போடணும்னு ரூல். மாட்டாஸ்பத்திரிக்கு எங்க இருக்கு, காட்டும்."

காட்ட ஒன்றும் இல்லை. சிரிஞ்சுகள் ஏலத்துக்குப் போயின.

இன்று மகள் ஜெயசெல்விக்குப் பிறந்தநாள். சாயங்காலம் ரொட்டி வாங்கத் தனராஜ் அண்ணாச்சியின் பேக்கரிக்குப் போனார் டாக்டர். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கே இழுத்துப் போனார்.

"நம்ம புது மெஷினப் பாருங்கய்யா! இனிமே காகிதக் கூம்புல கை நோவப் பிழிய வேண்டாம்."

முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் அடித்த மாவு, தட்டில் கூர்கூராக மக்ரூனாய் இறங்கிக்கொண்டிருந்தது. பிழிந்த குழலின் பிடியில் ஆஸ்பத்திரி முத்திரை. பல வருஷமாக ஆர்சனிக் கலந்த புழு மருந்து ஏறி இறங்கிய சிரிஞ்சு அது. பித்தளையைத் தேய்த்துக் கழுவிவிடலாம். உள்ளே இருக்கும் தோல் வாஷர் குடித்த விஷத்தை யார் கழுவுவது?

"அண்ணாச்சி, இதுல பிழிஞ்சத யாருக்காவது குடுத்தீரா?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன். மொத ஈடு முழுசும் ஒங்க வீட்டுக்குப் போயாச்சு. பாப்பாவுக்குப் பொறந்தநாளாச்சே!"

"ஐயோ, அது வெசம்!"

"வெசமா? வெசம்னா எதுக்குய்யா ஏலத்துல போட்டிய?"

டாக்டர் அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டார். சைக்கிளை வெறிபிடித்தவர் மாதிரி மிதித்தார். கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

வீட்டில் தெருப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மக்ரூன் கையில். அப்பா வந்து ஜெபம் பண்ணாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது நாசரேத் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பழக்கம். மனைவி பிளாரன்ஸ் அதில் படு கறார்.

"சீக்கிரம் ஜெபம் பண்ணுங்க. பிள்ளைக பொறுக்க மாட்டேங்கு."

ஜெபமாவது ஒன்றாவது! ஒவ்வொரு கையிலிருந்தும் மக்ரூனைப் பிடுங்கிப் பேக்கரிப் பெட்டியில் போட்டார். ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்தார். பிள்ளைகள் வீறிட்டு அழுதன. ஒருத்தரும் தின்னவில்லை. பெட்டியை அணைத்தபடி தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் அழுதார்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றார் தனராஜ்.

"பிள்ளைக ஒண்ணும் திங்கலியே? ஸ்தோத்திரம்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தவர், சட்டென்று டாக்டரின் தோளைப் பிடித்தார். "ஐயா... ஏலத்துல இதே மாதிரி இன்னொண்ணு கிடந்துச்சே. உடன்குடிக்காரன் ஒருத்தன் எடுத்தான். தாயில்லாத கைப்பிள்ளைக்குப் பாலு புகட்ட ஆவும்னு சொன்னான்."

டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். உடன்குடி பஸ் நகர்ந்த பிறகுதான், அந்த ஆளின் பெயர்கூடத் தமக்குத் தெரியாது என்பது உறைத்தது.