படுத்துக்கொண்டு போகிற சீட்

அந்த வட்டாரத்தில் பெயிண்ட் வாங்குகிற யாருக்கும் மைல்காரரைத் தெரியாமல் இருக்காது. வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற கான்ட்ராக்டர்தான், ஆனால் பெயர் தொழிலால் வந்ததில்லை. பெயிண்ட் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஆளிடம்கூட, "அண்ணே, பணத்த என்கிட்ட குடுங்க, உங்க பில்ல என் கார்டுல போட்டுக்கறேன்" என்பார். இவன் என்ன பிக்பாக்கெட்டா என்கிற மாதிரி அந்த ஆள் முறைப்பார். கடைக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "பயப்படாம குடுங்க. ஏரோப்ளேன் மைல் சேர்க்கறாரு" என்று சமாதானம் சொல்வார். ஹோட்டலுக்குப் போனால் நண்பர்களின் பில்லையும் பிடுங்கிக்கொள்வார். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். வாசலுக்கு வந்ததும் ஆளாளுக்கு வரவேண்டிய பங்கைக் கறந்துவிடுவார்.

சேர்த்தது தனக்காக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நமக்குத்தான் பாவம். எல்லாம் மனைவிக்காக. அவளுடைய அக்கா கடல் தாண்டி, பதினான்கு மணி நேரம் பறந்தால்தான் போய்ச் சேரமுடிகிற ஊரில், மகன் வீட்டில் இருந்தார். தாயில்லாத வீட்டில் தங்கைக்குத் தலைவாரி, சோறு பிசைந்து கொடுத்து, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டு வளர்த்தது அந்த அக்காதான். வாரம் தவறாமல் போன் வரும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "எப்பதான்டீ வர்ற?"

கார்டு வாங்கிய நாள் மைல்காரருக்கு இன்றைக்கும் அச்சுப் பிசகாமல் நினைவிருக்கிறது. ஏழு வருஷம் ஆகிறது. புருஷனும் பெண்டாட்டியும் பேங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"ரெண்டு விதம் இருக்கு சார். ஒண்ணு கேஷ்பேக். நீங்க செலவு பண்றதுல ஒரு பங்கு மாசாமாசம் காசாவே திரும்பி வந்துடும். இன்னொண்ணு மைல்ஸ். காசுக்குப் பதிலா, செலவுக்குத் தகுந்தபடி மைல் கணக்கு ஏறும். சேர்த்து வச்சு விமான டிக்கெட் எடுத்துக்கலாம். எது போடட்டும்?"

"காசாவே வரட்டுங்க" என்றாள் மனைவி. "கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வச்சா, ரெண்டு வருஷத்துல ஒரு டிக்கெட்ட வாங்கிட்டு நான் போய் அக்காவப் பார்த்துட்டு வந்துடுவேன்."

மைல்காரரின் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போயிருந்தது. விமானத்தின் முன்பக்கத்தில் ஒரு பெண் போர்த்திக்கொண்டு, கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மனைவிக்கோ இடுப்புக்கு மேலே ஓயாத வலி. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது.

"இந்த முதுக வச்சுக்கிட்டு பதினாலு மணி நேரம் உக்காந்துட்டா போவ? படுத்துக்கிட்டே போற சீட்டு இருக்கு பாரு. உனக்கொண்ணு எனக்கொண்ணு. ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

"நான் என்ன ராணியா? ஒரு ஓரமா உக்காந்து போனா போதும்ங்க."

"நீ சும்மா இரு" என்றார் அவர். "மைல்ஸே போடும்மா."

ஆசையாகத்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. ஆசையாகச் சொன்னாலும் வாயை அடைத்தது அடைத்ததுதானே!

அவள் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுத்து, அந்தக் காசை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வந்தாள். மூன்றாவது வருஷம் அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, டிக்கெட் விலை பாதியா இறங்கியிருக்கு. இந்த வாரம் எடுத்தா உண்டு." அவள் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தாள். எண்ணிப் பார்த்தால் ஒரு டிக்கெட்டுக்குக் கச்சிதமாக இருந்தது.

விதி பாருங்கள், அதே வாரம்தான் பேங்கிலிருந்தும் செய்தி வந்திருந்தது. மாசக் கடைசிக்குள் கார்டில் இன்ன தொகை செலவழித்தால் போனஸ் மைல். மழைக்காலம், வர்ணம் அடிக்கிற வேலை இல்லை, மைல்காரருக்குச் செலவு குறைந்தது. அவர் மேஜைமேல் கிடந்த பணத்தைப் பார்த்தார். சமையலறையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த பழைய ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"இங்க பாரு. ஒரு புது ஃபிரிட்ஜ கார்டுல வாங்குவோம். கார்டு பில்லுக்கு இந்தக் காசக் கட்டிடலாம். போனஸ் வந்துடும். உன் சீட்டு பாதி முடிஞ்ச மாதிரி."

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். "ஃபிரிட்ஜ்ல ஏறியாங்க நான் எங்க அக்காவப் பார்க்கப் போறது?"

மைல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் பெயிண்ட் கடையில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அவள் சிரிக்கவில்லை என்பது அன்றைக்கு அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டு கதவு வைத்த பெரிய ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. இரண்டே பேர் இருக்கிற வீடு. உள்ளே நாலு தக்காளியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நாலாவது வருஷம் விமானக் கம்பெனிக்காரன் அந்தச் சீட்டுக்கு வேண்டிய மைலை ஏற்றினான். சரி, இன்னும் கொஞ்சம் என்று இவர் ஓடினார். ஐந்தாவது வருஷம் மறுபடி ஏற்றினான்.

"பின்னாடி இருக்கிற சாதா சீட்டுன்னா இப்பவே ரெண்டு பேருக்கும் காணுமாமே" என்றாள் அவள். "போயிடலாமா?"

"இத்தன வருஷம் சேர்த்துட்டு கடைசில பின்னாடி உக்காந்தா போறது? ஊர் சிரிக்கும்."

"அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதைன்னு சொல்வாங்க. இங்க புருஷனே அரசன நம்பிக்கிட்டு இருக்காரு. நான் யார நம்ப?"

அதற்கும் அவர் சிரித்தார்.

போன வருஷம் அக்கா ஒரே கேள்வியை ஒரே போனில் இரண்டு தடவை கேட்க ஆரம்பித்தார். வயசாகிறது, காது மந்தம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு அடுப்பை அணைக்க மறந்தார், குளித்ததை மறந்து மறுபடி குளிக்கப் போனார் என்று மகன் சொன்னான். போன மாதம் ஒருநாள் மனைவி "அக்கா, நான்தான்" என்று சொன்னதற்கு, அந்தப் பக்கத்திலிருந்து மிக மரியாதையாக, "நீங்க யாரு பேசறது?" என்று பதில் வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. லைன் போன பிறகும் அப்படியே நின்றாள்.

மைல்காரர் அன்றைக்கே சேர்த்ததையெல்லாம் கொட்டினார். படுத்துக்கொண்டு போகிற சீட் ஒன்றுக்குத்தான் வந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள்.

"ரெண்டு சாதா சீட்டா மாத்திடட்டுமா? நானும் வர்றேன்" என்றார், குரல் இறங்கி.

"வேணாங்க. உங்க இஷ்டப்படியே இருக்கட்டும். நான் மட்டும் போறேன்." அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு வசவு வாங்கியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் போய் மூன்றாம் நாள் மதியம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது போன் வந்தது. வீட்டில் வேறு சத்தம் இல்லை, ஃபிரிட்ஜ் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கேட்க ஆயிரம் இருக்க, அவர் வாயில் முதலில் வந்தது இதுதான்.

"சீட்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. முதுகு வலிக்கவே இல்ல."

"தூங்கினியா?"

"இல்ல."

அவர் சோற்றை ஒதுக்கினார். "அக்கா?"

"என்னைத் தெரியல. வேலைக்கு வந்த பொண்ணுன்னு நினைச்சுட்டாங்க."

"நான் தப்புப் பண்ணிட்டேன்மா. அன்னைக்கு அந்த டின்னக் கவுத்தப்பவே உன்ன அனுப்பியிருக்கணும். பேங்க்லயே நீ சொன்னதக் கேட்டிருக்கணும்."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கையப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க. 'எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, என்னைப் பார்க்க வரப்போறா'ன்னாங்க. 'எப்ப வர்றாங்க'ன்னு நானும் கேட்டேன்."

"ம்."

"'அவளுக்கு முதுகு வலி. வீட்டுக்காரரு தங்கமான மனுஷன், அவ படுத்துக்கிட்டே வரணும்னு சேர்த்துக்கிட்டு இருக்காரு. அதான் லேட்டாகுது'ன்னாங்க. உங்கள ஒரு வார்த்தை குறையா சொல்லலைங்க."

மைல்காரர் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"கண்டிப்பா வந்துடுவாங்கம்மான்னு சொன்னேன். வேற என்னத்தங்க சொல்ல?"